அப்பாவின் 1974 புல்லட்: கேன் வைத்த கூடையை அறுத்துவிடச் சொல்கிறார் மெக்கானிக், அறுக்கலாமா?

மானாமதுரை மண்பானை:

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே எல்லோரும் எழுதுவதை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை. வண்டி விஷயத்தில் நான் கத்துக்குட்டி, தப்பாக ஏதாவது சொன்னால் திருத்துங்கள்.

அப்பா கால்நடைத் துறையில் வேலை பார்த்தவர். அவருடைய வண்டி 1974 மாடல் புல்லட் 350, செகண்ட் ஹேண்டில் 1981இல் வாங்கியது. மாடுகளுக்குச் சினை ஊசி போட ஊர் ஊராகப் போவார், உறைவிந்துக் குச்சிகள் வைத்த திரவ நைட்ரஜன் கேனும் கூடவே போகும். அது சாயவும் கூடாது, ரொம்பக் குலுங்கவும் கூடாது என்பதால் பின்னால் இடது பக்கம் இரும்புக் கம்பியை வளைத்து ஒரு கூடை செய்து மாட்டியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் இந்த வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து வாசலில் கட்டிவிடுவார்களாம். ரிட்டயர் ஆகி கேனைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கூடையைக் கழற்றவில்லை, அதில் தேங்காயும் காய்கறியும் வந்தது.

அப்பா போய் 11 வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வண்டி கொட்டகை ஓரத்தில் சாக்கு போர்த்தி நிற்கிறது. போன வாரம் எடுத்துத் துடைத்தேன். கிக்கரை மிதித்தால் இறங்குகிறது, பாதியில் இறுகுகிறது, பிறகு மெதுவாக விடுகிறது. உள்ளூர் பட்டறையில் காட்டினேன். முழுசாகப் பிரித்து, இன்ஜினைப் பளபளவென்று பஃப் அடித்து, குரோமியம் பூசி, புதுப் பெயிண்ட் அடித்து, முன்னால் டிஸ்க் பிரேக் போட்டு 70 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். "இந்தக் கம்பி அசிங்கமாக இருக்கிறது, முதலில் இதை அறுத்துவிடலாம்" என்று கட்டிங் மெஷினையே கையில் எடுத்துவிட்டார் அந்த அண்ணன். நான் அப்புறம் வருகிறேன் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அறுக்கலாமா? எங்கே தொடங்குவது? ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான், புதுப்பித்தலும் முடிந்துபோய் பல வருஷம். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பழசு வாங்குபவன்:

வண்டி கொடுக்கிற எண்ணம் இருக்கிறதா? இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன். கடைசி விலை சொல்லுங்கள்.

ஒன்றுமேல் மூன்றுகீழ்:

அப்பா வண்டியை எப்படி எழுப்புவது என்று ஒரு பெண் கேட்டால் விலை கேட்கிறீர்கள். எழவு வீட்டில் கட்டில் விலை கேட்கிற மாதிரி இருக்கிறது. சரி விடுங்கள்.

தங்கச்சி, முதலில் கிக்கரை மிதிப்பதை நிறுத்துங்கள். 11 வருஷம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்து துருவேறியிருக்கும், பிஸ்டன் ரிங் லேசாக ஒட்டியிருக்கும், அந்தத் துரு மேல் ரிங்கை இழுத்தால் சிலிண்டர் உள்சுவரில் கோடு விழும், அப்புறம் அதைக் கடைந்து பெரிதாக்கும் ரீ-போர் வரை போக வேண்டியதுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக இரண்டு மூடி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் பிளக் போடாமலே, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேயாவது கடினமாக நின்றால் முரட்டுத்தனம் வேண்டாம், இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் ஒரு ராத்திரி. நீங்கள் சொன்ன அந்தப் பாதியில் இறுகுவது பெரும்பாலும் கம்ப்ரஷன்தான் (பிஸ்டன் மேலே வரும்போது காற்று அழுந்துவது), அது நல்ல செய்தி. பிளக் இல்லாமல் சுற்றும்போது அந்த இறுக்கம் போய்விட்டால் உறுதி.

அடுத்தது ஆயில். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். புல்லட்டுக்கு வெளியே தனி ஆயில் டேங்க் கிடையாது, இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க் கேஸ் வார்ப்புக்குள்ளேயே ஓர் அறையில் ஆயில் நிற்கும், பம்ப் அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகவே சொட்டுச் சொட்டாக இறங்கி, கிராங்க் சுற்றும் இடத்தில் போய்த் தங்கிவிடும். மூடியோடு வரும் அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தால் வறண்டு கிடக்கும். ஆயிலே இல்லை என்று நினைத்து மேலே ஒரு கேன் ஊற்றினீர்கள் என்றால், ஸ்டார்ட் ஆன அன்று தெருவே கொசு மருந்து வண்டி வந்த மாதிரி ஆகிவிடும், இன்ஜின் சந்து பொந்தெல்லாம் ஆயில் துப்பும். அடியில் இருக்கிற ட்ரெயின் பிளக் எல்லாவற்றையும் திறந்து பழசை முழுக்க வடித்த பிறகே புதிது.

புது ஆயில் விட்டதும் பிளக் இல்லாமல் சுற்றிக்கொண்டே, சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே போகும் மெல்லிய குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். அங்கே ஆயில் கசிய வேண்டும். பத்து பதினைந்து நிமிஷம் கூட ஆகும், பொறுமை வேண்டும். கசியவே இல்லை என்றால் ஸ்டார்ட் செய்யக்கூடாது, பம்ப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் உதைத்துக் கிளப்பி பிக் எண்டை (கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்கை) எரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கார்புரேட்டர் கண்டிப்பாக அடைத்திருக்கும், பெட்ரோல் ஆவியாகி உள்ளே பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், முக்கியமாகப் பெட்ரோல் போகும் சின்னத் துளையான பைலட் ஜெட். குத்தி எடுக்க ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்து ஊதுங்கள். பிளாட்டினம் பாயிண்டை (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் சுவிட்சை) மெல்லிய உப்புத்தாளில் ஒரு இழுப்பு, கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் மூடியைத் திறந்து, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும் நிலையில் வால்வைத் திறக்கும் புஷ் ராடை விரலால் உருட்டிப் பாருங்கள். தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான், இதற்கு 70 ஆயிரம் எல்லாம் ஆகாது.

டிஸ்க் பிரேக் என்று சொன்னவரிடம் மறுபடி போகாதீர்கள்.

யெஸ்டி பைத்தியம்:

மேலே சொன்ன மெக்கானிக் வேலை அத்தனையும் சரி, ஒத்துக்கொள்கிறேன். கூடை விஷயத்தில் மட்டும் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய வண்டி என்றால் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படி இருக்க வேண்டும். மைசூரில் செய்த என் யெஸ்டி ரோட்கிங்கில் முந்தைய ஓனர் மாட்டிய கிராஷ் கார்டு, பால்காரர் கொக்கி, எக்ஸ்ட்ரா ஹாரன் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, சரியான மட்கார்டு, சரியான பேட்ஜ் தேடி நான்கு வருஷம் அலைந்தேன். இரண்டு சைலன்சரும் அந்தக் காலத்துது கிடைக்கும் வரை வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகவில்லை. ஆளுக்கொரு கூடை, ஆளுக்கொரு பெட்டி என்று விட்டால் இன்னும் முப்பது வருஷத்தில் 1974 புல்லட் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு வண்டி மிஞ்சாது.

உணர்ச்சி வேறு, வண்டி வேறு. கூடையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள்: இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் கால ரப்பர் குழாயும் வாஷரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல, எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், டேங்க் உள்ளே துரு பிடிக்கும். பெட்ரோல் குழாயைப் புதிதாக மாற்றுங்கள், ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

திருவொற்றியூர் 346:

யெஸ்டிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் புல்லட்டுக்கு அது அப்படியே பொருந்தாது என்பது என் கட்சி.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எங்கள் ராணுவம் எல்லைக் காவலுக்கு வண்டி கேட்டது, இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து பாகமாக வந்ததை இங்கே பூட்டினார்கள், 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே. ரெட்டிச் ஃபேக்டரி 1967இல் மூடிவிட்டது. அதாவது இந்தத் தங்கையின் வண்டி பிறந்தபோது தாய் வீட்டில் அடுப்பே எரியவில்லை, சென்னை திருவொற்றியூர் ஃபேக்டரியில் மட்டும்தான் எரிந்தது. 1977இல் அந்த வண்டியை இங்கிருந்து இங்கிலாந்துக்கே திருப்பி ஏற்றுமதி செய்தார்கள். மெட்ராஸ்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

இதைச் சொல்வது பெருமைக்காக மட்டும் இல்லை. 70க்கு 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி, இரும்பு வார்ப்பு சிலிண்டர் என்ற அதே கணக்கு சின்னச் சின்ன மாற்றங்களோடு 2010 வரைக்கும் ஓடியது. அதனால் பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கெட் எதற்கும் பயப்பட வேண்டாம், சென்னை புதுப்பேட்டையில் ஒரு மணி நேரம் நடந்தால் கிடைத்துவிடும், மதுரையிலும் கிடைக்கும். அதே கம்பெனியின் மினி புல்லட்டோ ஃபியூரியோ வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஒரு லிவருக்காகக் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்குவார்கள்.

பட்டறையில் சொன்ன பஃப் வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். சிலிண்டர் கறுப்பாக இருக்க வேண்டியது, அதன் மேல் சில்வர் அடிப்பது பாவம். அதைவிட முக்கியம், கிராங்க் கேஸில் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பர். பஃப் வீலோ மணல் அடிப்போ அதன் மேல் போனால் எழுத்து தேய்ந்துவிடும், அப்புறம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் அப்பா வண்டி உங்கள் அப்பா வண்டிதான் என்று நிரூபிக்க நீங்கள் திண்டாட வேண்டும். டேங்கில் கோடு கொஞ்சமாவது தெரிகிறதா? அது ஃபேக்டரியில் ஒரு மனிதர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. மங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். மெழுகு போட்டுத் துடைத்தால் போதும்.

இனி கூடை. கம்பெனியிலிருந்து வந்த மாதிரி என்றால் 1974 முதல் 1981 வரை யாரோ ஒருவர் வைத்திருந்த வண்டி. அது ஏழு வருஷம். கூடையோடு ஓடியது முப்பது வருஷத்துக்கு மேல். எது ஒரிஜினல் என்று நீங்களே சொல்லுங்கள். கண்காட்சியில் நூறு புல்லட் பளபளவென்று நிற்கும், எதன் பக்கத்திலும் நின்று பேச ஒரு விஷயம் இருக்காது. சினை ஊசிக் கூடை வைத்த புல்லட்டை நான் ஒரு தடவைகூடக் கண்காட்சியில் பார்த்ததில்லை.

ஆர்.டி.ஓ. வாசல்:

காகித வேலையை யாரும் சொல்லவில்லையே, அதை நான் சொல்கிறேன். வண்டியில் ஒரு ரூபாய் போடுவதற்கு முன்னால் இதை முடியுங்கள், ஏனென்றால் காகிதம் இல்லாத புல்லட் வெறும் இரும்பு எடைதான்.

உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. விற்பனைக்குப் போடும் 29, 30 வேறு, அதை யாராவது கையில் திணித்தால் வாங்காதீர்கள். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பது, இவை வேண்டும். சட்டப்படி மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது, தாமதத்துக்கு அபராதம் வரும், கட்டிவிடலாம். புதுப்பித்தலுக்குப் படிவம் 25, ஒவ்வொரு தடவையும் 5 வருஷம். பழைய கையெழுத்து ஆர்.சி. புத்தகம் என்றால் அந்த விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏறாவிட்டால் அதை ஏற்றச் சொல்லி ஒரு மனு. எனக்கு இந்த ஒன்றுக்கே எட்டு நடை ஆயிற்று, எட்டாவது நடையில்தான் முதல் நாள் கொடுத்த மனு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள். சேஸ் நம்பரைப் பென்சில் தேய்த்து எடுக்கச் சொல்வார்கள், துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், சுரண்ட வேண்டாம்.

இங்கே யாராவது வந்து "50 வருஷம் தாண்டிவிட்டது, விண்டேஜ் பதிவு வாங்குங்கள்" என்பார்கள், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு அந்த விதியைக் கொண்டுவந்தது உண்மை. புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம், 10 வருஷம் செல்லும், புது நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், ஏற்கெனவே நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான். சேஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஓட்டிப்போக ஆசை என்றால் சாதாரணப் புதுப்பித்தலே போதும். மூன்றெழுத்துப் பழைய நம்பர் இருக்கிறது அல்லவா, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லேத்து மாமா:

அம்மா, கூடையை அறுப்பதா வேண்டாமா என்று எல்லோரும் பேசுகிறார்கள், அது வண்டியில் எப்படி நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃப்ரேமில் வெல்டிங் வைத்திருக்கிறதா, போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறதா? நான் கோயம்புத்தூரில் லேத் வைத்திருந்தவன், அந்தக் காலத்தில் துறைக்காரர்களுக்கு இந்த மாதிரி தாங்கி நானே செய்து கொடுத்திருக்கிறேன். கெட்டிக்கார ஆள் என்றால் ஃப்ரேமைத் தொட்டிருக்க மாட்டார், கிளாம்ப் போட்டு நடுவில் டயர் டியூப் ரப்பர் வைத்திருப்பார், குலுக்கல் கேனுக்குப் போகாமல் இருக்க. குனிந்து பார்த்துச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்திருந்தால் அந்த இடத்தில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், அது மட்டும்தான் கவலைப்பட வேண்டியது.

மானாமதுரை மண்பானை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை.

மாமா சொன்ன மாதிரி டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். வெல்டிங் எங்கேயும் இல்லை. நான்கு கிளாம்ப், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கறுப்பாகக் காய்ந்துபோன ரப்பர், டியூபை வெட்டி மடித்து வைத்தது. கூடை உள்பக்கம் அடியில் சணல் கயிற்றைச் சுற்றி மெத்தை மாதிரி ஆக்கியிருக்கிறார், இத்தனை வருஷம் அதை அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 14ஆம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிஷத்தில் கழன்றுவிடும் போலிருக்கிறது.

ஆயில் விஷயத்தில் நல்ல வேளையாக முன்னாலேயே படித்தேன். அளவுக்குச்சி வறண்டுதான் இருந்தது, நான் கடையில் புது ஆயில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடியில் திறந்தால் முக்கால் வாளி என்று சொல்லத் தோன்றும் அளவுக்குத் தார் மாதிரி வந்தது, வாளி சின்ன வாளிதான்.

யெஸ்டி பைத்தியம்:

போல்ட்டில்தான் நிற்கிறது என்றால் சண்டையே இல்லையே! கண்காட்சிக்குப் போகும்போது கழற்றுங்கள், வந்து மாட்டுங்கள். நான் கழற்றத்தான் சொன்னேன், அறுக்கச் சொல்லவில்லை, மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

திருவொற்றியூர் 346:

"கழற்றி எறிந்துவிட்டு" என்று எழுதியது யார்?

ஒன்றுமேல் மூன்றுகீழ்:

இரண்டு பேரும் தனியாகப் போய்ச் சண்டை போடுங்கள்.

தங்கச்சி, ரப்பர் நான்கையும் புதிதாக வெட்டிப் போடுங்கள், காய்ந்த ரப்பரில் கிளாம்ப் ஆடி ஃப்ரேமைத் தின்னும். ஸ்டார்ட் செய்யும் முறை தெரியுமா? சாவி போட்டதும் ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்பியர் முள்ளைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் ஒரு பக்கம் சாயும், நடுவுக்கு வரும். கம்ப்ரஷனில் இறுகும் இடத்தில் டிகம்ப்ரஷன் லிவரை (அழுந்திய காற்றை வெளியே விடுவது) பிடித்துக்கொண்டு, முள் நடுவுக்கு வரும் வரை ஒரு மயிரிழை தாண்டவிடுங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை, பாதியில் காலைத் தூக்கக் கூடாது. பாதி உதை உதைத்தால் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். செருப்போடு உதைக்காதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

மானாமதுரை மண்பானை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்ததில் நேரம் போய்விட்டது.

ஹெட்டுக்குப் போகும் குழாயில் ஆயில் வர இருபது நிமிஷம் ஆனது, நானும் தம்பியும் மாறி மாறிச் சுற்றினோம். பைலட் ஜெட் சுத்தமாக அடைத்திருந்தது. கார்புரேட்டரில் மைக்கார்ப் என்று இருக்கிறது, அப்பா பிறகு மாட்டியதாகத்தான் இருக்க வேண்டும், அதையே வைத்துக்கொண்டேன். நேற்று சாயங்காலம் பதினோராவது உதையில் பிடித்தது. நின்றது. மறுபடி பிடித்தது, நான் ஆக்சிலேட்டரை விடவே இல்லை, பயம். வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து அப்புறம் குறைந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, ஒன்றும் சொல்லாமல், திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். எதிர்வீட்டு ஆத்தா மட்டும் "எவன்டா மாட்டு டாக்டரு வந்திருக்கிறது?" என்று சத்தம் போட்டார்.

கூடை வண்டியில்தான் இருக்கிறது, புது ரப்பரோடு.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். ஹெட்லைட் பல்ப் போயிருக்கிறது, வண்டி 6 வோல்ட். இங்கே எந்தக் கடையில் கேட்டாலும் 12 வோல்ட்தான் தருகிறார்கள், மதுரையிலும் இரண்டு கடையில் இல்லை என்றார்கள். எங்கே கிடைக்கும்?

பழசு வாங்குபவன்:

என்னிடம் பழைய ஸ்டாக்கில் 6 வோல்ட் பல்ப் இரண்டு இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நாளைக்கே பார்சல் போடுகிறேன். காசு வேண்டாம்.